இருபத்துநான்கு குதிரைகள்

ஹிமாலய யாத்திரை போகிறவர்கள் முன்காலத்தில் பந்துக்களிடம் விடைபெற்றுக்கொண்டு, சொத்து விவகாரங்களை ஒழுங்கு செய்து வைத்துவிட்டுத்தான் புறப்படுவது வழக்கம். ஒழுங்கு செய்வதற்கு நம்மிடம் சொத்து ஒன்றும் இல்லாமையால் அந்தச் சிரமம் நமக்கு ஏற்படவில்லை. விடைபெறும் படலந்தான் சுலபத்தில் முடியவில்லை.

விஷயம் இதுதான். நம் தமக்கையாரின் ஏக புதல்வன், இருபத்தாறு வயதுப் பிள்ளை, யந்திரங்களுக்குப் படம் போடும் உத்தியோகத்தில் இருப்பவன், 2021-ஆம் வருஷம் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். அதற்கு 'ஹிமாலயன்' என்று பெயர். வாங்கிய நாள் முதல் அந்தப் பெயரை மெய்யாக்கிவிட வேண்டுமென்று அவன் துடித்துக்கொண்டிருந்தான். தமக்கையார் முதலில் கூடாது என்றார், பிறகு அழுதார், மூன்றாம் நாள் நம்மைக் கூப்பிட்டனுப்பினார்.

"அவன் போவது நிச்சயமாகிவிட்டது. நீயும் கூடப் போ. எப்படிப் போகிறானோ அப்படியே திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்துவிடு" என்றார்.

ஐம்பத்து நான்கு வயதில், மூக்குக் கண்ணாடியும் இலேசான மூட்டு வலியும் உள்ள ஒருவர், மோட்டார் சைக்கிளின் பின் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாலிபனைக் காப்பாற்றுவது எங்ஙனம் என்று நாம் கேட்கவில்லை. தமக்கையாரிடம் அப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை.

புறப்படுவதற்கு முன் மருமான் நம்மைத் திருவொற்றியூருக்கு அழைத்துச் சென்றான். வடிவுடையம்மன் சந்நிதியில் அர்ச்சனை செய்ய வேண்டுமென்பது தமக்கையாரின் கட்டளை. அந்த வண்டிக்கும் இந்த ஊருக்கும் உள்ள சம்பந்தத்தை நமக்குக் காட்ட வேண்டுமென்பது அவனுடைய ஆசை. இரண்டும் ஒரே பிரயாணத்தில் நிறைவேறின.

சம்பந்தம் பழையது. ராயல் என்பீல்டு என்ற பெயரில் மோட்டார் சைக்கிள்கள் முதன்முதல் 1901-ஆம் வருஷம் இங்கிலாந்தில், ரெட்டிச் என்ற ஊரில் செய்யப்பட்டன. சுதந்திரம் வந்த சில வருஷங்களுக்குள், எல்லையைக் காவல் புரிவதற்கு நம் ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. அதற்கு 350 சிசி 'புல்லட்' தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பயனாக, 1955-ஆம் வருஷம் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற கம்பெனி ஏற்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலையும் எழுந்தது. ஆரம்பத்தில் சீமையிலிருந்து பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1970-க்குள் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மறைந்துவிட்டது. திருவொற்றியூரிலோ புல்லட்டின் தடதடவென்ற சப்தம் ஓயவில்லை. தாய் போன பிறகும் பிள்ளை பிழைத்திருந்தது. 1994-ல் ஐஷர் நிறுவனத்தார் அதை எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் பெருமைப்படத்தக்க விஷயந்தான். ஆயினும் ஒரு சிறு குறை அதில் உண்டு. புல்லட்டை நாம் செய்தோமே தவிர, அதை நினைத்தவர்கள் நாமல்ல. அதன் ஒவ்வொரு வளைவும் இங்கிலாந்தின் சாலைகளை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. நம் வாலிபர்கள் பல ஆண்டுகளாக அந்தச் சாலை வண்டியைத்தான் லடாக்குக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பெட்ரோல் டப்பாக்களைக் கயிற்றால் பக்கத்தில் கட்டினார்கள். கீழே கல் இடிக்காமலிருக்க இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். நீட்டுக் கம்பிகளைப் பற்றவைத்து மூட்டை கட்ட இடம் செய்தார்கள். வண்டி இப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் கயிற்றாலும் கம்பியாலும் எழுதிய விண்ணப்பம் என்றே அதைச் சொல்ல வேண்டும். அதைப் படித்துப் பார்த்துப் பதில் எழுதுவதற்கு வெகு காலம் ஆயிற்று. 2016-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஹிமாலயன் விற்பனைக்கு வந்தது. இஞ்சின் புதிது, சட்டம் புதிது. சட்டத்தை அமைத்தவர்கள் பந்தய வண்டிகளுக்குச் சட்டம் செய்து பெயர் பெற்ற ஹாரிஸ் பெர்பார்மென்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனியார். இதைக் கேட்டதும், மறுபடியும் சீமைதானா என்று நாம் சலித்துக்கொண்டோம்.

"அந்தக் கம்பெனியையே 2015-ல் நம்மவர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள், மாமா" என்றான் மருமான்.

அர்ச்சனைத் தட்டுடன் நின்றுகொண்டிருந்த நமக்கு அது அம்மன் பிரசாதத்துக்கு அடுத்தபடியாக இனித்தது.

* * *

இந்த ஜாதி வண்டிகளை 'இரட்டை உபயோக' வண்டிகள் என்கிறார்கள். நல்ல சாலையில் நெடுந்தூரம் போக வேண்டும். சாலை முடிந்த இடத்திலும் நின்றுவிடக் கூடாது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நம்மவர்கள் பரிகாசமாகச் சொல்வார்களே, அதைப் பரிகாசமில்லாமல் செய்து காட்டுவதுதான் இந்த வண்டியின் தொழில். 1980-ஆம் வருஷம் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் ஆர் 80 ஜி/எஸ் என்று ஒரு வண்டி வெளியிட்டார்கள். ஜி என்பது கரடுமுரடான நிலம். எஸ் என்பது தெரு. அடுத்த வருஷமே அத்தகைய வண்டி ஒன்று பாரிஸிலிருந்து ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் வழியே டக்கார் வரையில் நடந்த பந்தயத்தில் ஜயித்தது. அதிலிருந்து மேனாட்டில் இந்த வம்சம் பெருகிற்று. பெருகினதோடு பருக்கவும் தொடங்கிற்று. 1200 சிசி, 250 கிலோ என்று வளர்ந்து, ஏறி உட்காருவதற்கே ஓர் ஏணி வேண்டும்போல் ஆயிற்று. ஹிமாலயனைச் செய்தவர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். 411 சிசி, ஒரே சிலிண்டர், 24 குதிரைச் சக்திக்குச் சற்று மேல்.

"இருபத்துநான்குதானா? நம் ஊர் வாலிபர்கள் கடற்கரைச் சாலையில் இதைவிட அதிகமான குதிரைகளைக் கட்டிக்கொண்டு பறக்கிறார்களே!" என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல அப்போது நமக்குத் தெரியவில்லை.

2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வண்டியை ரயிலில் சண்டிகருக்கு அனுப்பிவிட்டு நாமும் பின்னால் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து மணாலி வரையில் நடந்ததை விவரிக்கப் போவதில்லை. மழை, லாரிகள், மறுபடியும் மழை. மணாலியில் ஒரு நாள் தங்கினோம். அங்கே சத்திரத்து வாசலில் நின்றிருந்த பல தேசத்து வண்டிகளின் மேல் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து பார்க்க மருமான் நமக்கு ஏற்பாடு செய்தான். பெரிய வண்டிகளில் நம் கால் விரல் நுனிகூடத் தரையைத் தொடவில்லை. கொலுவில் வைத்த பொம்மைபோல் இருந்தோம். ஹிமாலயனின் ஸீட் தரையிலிருந்து 800 மில்லி மீட்டர். ஐந்தடி நாலங்குலம் உள்ள நம்முடைய இரண்டு பாதங்களும் பூமாதேவியின் மேல் உறுதியாகப் பதிந்தன. இந்தியர்களின் கால் நீளத்தைப் பற்றி யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதை உணர்ந்தபோது நமக்கு ஒரு விசித்திரமான திருப்தி உண்டாயிற்று.

மணாலியை விட்டால் முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயைத் தாண்டியாக வேண்டும். 2020-ஆம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, மலையை ஏறாமல் அதன் வயிற்றைத் துளைத்துக்கொண்டு ஒன்பது கிலோ மீட்டர் போனால் போதும். 46 கிலோ மீட்டர் மிச்சம். தெற்கு வாசலில் மழையும் தேவதாருவும். வடக்கு வாசலில் வெயிலும் மொட்டைப் பாறையும். நாடக மேடையில் திரை மாறுவதுகூட இத்தனை சீக்கிரத்தில் நடப்பதில்லை.

தாண்டி என்ற இடத்தில் சந்திரா நதியும் பாகா நதியும் கூடுகின்றன. அங்கே ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அடுத்த பங்க் 365 கிலோ மீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் பலகை ஒன்று அங்கே வெகு காலம் பிரசித்தமாய் நின்றது. அந்த இடத்தில்தான் மருமான் நமக்கு முதல் பாடத்தை நடத்தினான். வண்டியின் டாங்க் 15 லிட்டர் கொள்ளும். மலையில் லிட்டருக்கு 25 கிலோ மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 375. பலகை சொன்னதோ 365. பத்துக் கிலோ மீட்டர் லாபம்! செட்டியார் கணக்குக்கூட இவ்வளவு நெருக்கமாக இராது. அந்தப் பத்தை நம்பாதவர்களுக்காக டாங்கின் இருபுறமும் இரும்புக் கம்பிச் சட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் டப்பா மாட்டலாம். கயிறு கட்டிக்கொண்டு போன பழைய புல்லட்காரர்களின் விண்ணப்பம் இங்கே நிறைவேறியிருப்பதைக் கண்டோம்.

அன்றிரவு ஜிஸ்பாவில் பாகா நதியின் கரையில் தங்கினோம். மறுநாள் அதிகாலையில் புறப்பட வேண்டும் என்று சத்திரக்காரர் சொன்னார். பகல் ஏற ஏறப் பனி உருகி ஓடைகளில் வெள்ளம் கூடும். காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர் பிற்பகலில் முழங்காலைத் தொடும் என்றார். கேட்டுக்கொண்டோம். ஆனால் மறுநாள் காலை வெந்நீர் கிடைக்கத் தாமதமாயிற்று. நாம் வெந்நீர் இல்லாமல் குளிக்க மறுத்தோம். புறப்படும்போது மணி பத்தரை. நேயர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிற சங்கதியில் யந்திரத்தின் குற்றம் ஒன்றுமில்லை.

தார்ச்சாவைத் தாண்டியதும் சாலை சில இடங்களில் சாலையாக இருந்தது. சில இடங்களில் சாலை போட உத்தேசித்திருக்கிறார்கள் என்பதற்கு அறிகுறியாக மட்டும் இருந்தது. தேங்காயளவு உருண்டைக் கற்கள். சாதாரண வண்டியில் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கும். ஹிமாலயனின் முன் சக்கரம் 21 அங்குலம், புல்லட்டுக்கு 19. பெரிய சக்கரம் கல்லை முட்டுவதில்லை, கல்லின் மேல் ஏறிப் போகிறது. பெரிய மாட்டு வண்டிச் சக்கரம் குண்டு குழிகளில் விழாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன் ஃபோர்க் 200 மில்லி மீட்டர் வரையில் அமுங்கி எழும்பும். ஏறக்குறைய ஒரு சாண். பின்னால் 180. வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 220 மில்லி மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் கீழே கேடயம்போல் ஒரு தகடு. சக்கரங்களுக்கு வார்ப்பு உலோகம் போடாமல் கம்பி ஆரங்களே போட்டிருப்பதும் காரணத்தோடுதான். வார்ப்புச் சக்கரம் கல்லில் மோதினால் விரிசல் விடும். கம்பிச் சக்கரம் சற்று வளைந்து கொடுக்கும். வளைந்ததை எந்தச் சைக்கிள் கடைக்காரரும் நிமிர்த்திவிடலாம். ஆனால் கம்பிச் சக்கரத்துக்குள் ட்யூப் வேண்டும். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி உட்கார வேண்டியதுதான். எந்த வரமும் ஒரு சாபத்தோடு கூடத்தான் வருகிறது.

இதையெல்லாம் அவன் முன்னாலிருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பாதி காற்றில் போயிற்று. மீதிப் பாதியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஜிங்ஜிங் பாருக்கு அருகே அந்த ஓடை வந்தது.

* * *

அகலம் முப்பதடி இருக்கலாம். சாலையின் குறுக்கே, மலையிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் விழும் பனித் தண்ணீர். அடியில் வழுவழுப்பான கற்கள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

"மாமா, நீங்கள் இறங்கி அந்தப் பக்கமாகக் கல் மேல் கால் வைத்து நடந்து வந்துவிடுங்கள். நான் வண்டியைத் தனியாகக் கொண்டுவருகிறேன்" என்றான் மருமான்.

நாம் தண்ணீரைப் பார்த்தோம். நம்முடைய புதுப் பூட்ஸையும் பார்த்தோம். இறங்குவது அவசியமில்லை என்று அபிப்பிராயம் தெரிவித்தோம். பெரியவர் பேச்சை மீறக் கூடாதென்று வளர்க்கப்பட்ட பிள்ளை. பேசாமல் கியரைப் போட்டான்.

பாதி ஓடை வரையில் வண்டி யானைபோல் நிதானமாக நடந்தது. பாதியில் தண்ணீர் பூட்ஸுக்குள் புகுந்தது. அந்தக் குளிர்ச்சியில் நாம் திடுக்கிட்டு அவனுடைய தோளைப் பிடித்து இழுத்தோம். அவன் கை தளர்ந்தது. இஞ்சினின் வேகம் தணிந்தது. முன் சக்கரம் ஒரு கல்லிலிருந்து வழுக்கிற்று. அடுத்த கணம் மூவரும் தண்ணீரில் கிடந்தோம்.

நாம் ஒரு புறமாக உருண்டு எழுந்துவிட்டோம். மருமான் எழவில்லை. எழ முடியவில்லை. அவன் இடது பாதம் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருந்தது. விழுந்தபடியே கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தி இஞ்சினை நிறுத்திவிட்டான். பிறகு நம்மைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் அதிகமில்லை, குளிர்தான் இருந்தது. தண்ணீர் அவன் மார்பைத் தொட்டுக்கொண்டு ஓடிற்று. உருகின பனியில் எத்தனை நிமிஷம் ஒருவன் படுத்திருக்கலாம் என்பது நமக்குத் தெரியாது. நம் காதில் தமக்கையாரின் குரல் மாத்திரம் தெளிவாகக் கேட்டது: எப்படிப் போகிறானோ அப்படியே.

ஹாண்டில் பாரைப் பிடித்துத் தூக்கினோம். அசையவில்லை. அங்கே உயரம் 4,200 மீட்டருக்கு மேல். ஒரு முறை மூச்சைப் பிடித்து முக்கியதும் கண்ணில் பூச்சி பறந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"கையால் தூக்காதீர்கள், மாமா. முதுகைத் திருப்பிக்கொண்டு, ஸீட்டில் இடுப்பைக் கொடுத்து, காலால் தள்ளுங்கள்" என்றான், பல் கிட்டிக்கொண்டே.

அப்படியே திரும்பினோம். ஒரு கையால் ஹாண்டில் பாரையும் மற்றொரு கையால் பின்னாலுள்ள கம்பியையும் பற்றிக்கொண்டு, காலைக் கல்லில் ஊன்றி, பின்னுக்குத் தள்ளினோம். வண்டி நான்கு அங்குலம் எழும்பிற்று. ஐந்தாவது அங்குலத்துக்கு நம்மிடம் மூச்சு இல்லை. ஆனால் நான்கு அங்குலம் போதுமானதாயிருந்தது. அவன் காலை உருவிக்கொண்டான்.

இதற்குள் மேலே சாலை வேலை செய்துகொண்டிருந்த இருவர் ஓடி வந்துவிட்டார்கள். நால்வருமாக வண்டியை நிமிர்த்தி அக்கரை சேர்த்தோம். பூட்ஸைக் கழற்றிப் பார்த்ததில் கணுக்கால் வீங்கியிருந்தது, எலும்பில் கோளாறில்லை. சாலை வேலைக்காரர்கள் ஜார்க்கண்டில் தும்கா ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். கோடைதோறும் அந்தப் பக்கத்திலிருந்து ஏராளமானவர்கள் இந்த மலைச் சாலைகளைச் செப்பனிட வருகிறார்கள். எல்லைச் சாலை நிறுவனம் 1960-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அதன் மஞ்சள் பலகைகளில் எழுதியிருக்கும் வேடிக்கையான உபதேசங்களைப் படித்துப் படமெடுத்துக்கொள்ளாத பிரயாணி இல்லை. அந்தச் சாலையைக் கையால் போடுகிறவர்களை யாரும் படமெடுப்பதில்லை. நாமும் அதுவரையில் எடுக்கவில்லை. கூடாரத்துக்குள் அழைத்துப் போய், கறுத்த அலுமினியக் கெட்டிலிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்கள். ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எத்தனை கிலோ?" என்று விசாரித்தார்.

"நூற்றுத் தொண்ணூற்றொன்பது" என்றான் மருமான்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பற்றி நாம் யோசித்தோம். 2016-ல் முதலில் வந்தபோது 191 கிலோவாக இருந்த வண்டி, புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக மாற்றங்கள் செய்தபோது 199 ஆயிற்று. நாற்பது, ஐம்பது கிலோ கூடுதலாயிருந்தால் அந்த நான்கு அங்குலம் கிடைத்திருக்குமா? இன்னும் இருபது குதிரைகளைக் கட்ட வேண்டுமானால் இன்னும் பெரிய இஞ்சின், அதைத் தாங்க இன்னும் கனமான சட்டம், அதை நிறுத்த இன்னும் பெரிய பிரேக் என்று எடை ஏறிக்கொண்டே போகும். வண்டி ஓடுகிற வேகத்தைப் பற்றிக் கடற்கரைச் சாலையில் பேசலாம். படுத்துக் கிடக்கிற வண்டியின் எடையைப் பற்றி ஜிங்ஜிங் பாரில்தான் தெரிகிறது. சென்னை நண்பருக்குச் சொல்ல வேண்டிய பதில் இப்போது நம்மிடம் இருந்தது. சொல்வதற்குத்தான் மூச்சு இல்லை.

பத்து நிமிஷம் கழித்து மருமான் பொத்தானை அழுத்தினான். இஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு மூன்றாம் தரம் ஓட ஆரம்பித்தது.

* * *

அதற்குப் பிறகு எந்த ஓடையிலும், அது வாய்க்கால் அளவே இருந்தாலும், நாம் இறங்கி நடந்தோம்.

பாரலாச்சா கணவாய் 4,890 மீட்டர். ஏறும்போது இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. அந்த உயரத்தில் காற்று இலேசாகிவிடுகிறது. பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் காற்றுக் குறையும். பெட்ரோல் மட்டும் அதே அளவு இறங்கும். சோறு அதிகம், மோர் கொஞ்சம் என்ற கதையாய் இஞ்சின் திணறும், கறும்புகை கக்கும். புல்லட்காரர்கள் வழியில் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்காருவார்களாம். ஹிமாலயனும் முதலில் கார்புரேட்டருடன்தான் வந்தது. 2017-ல் அதை நீக்கிவிட்டு, காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவியை வைத்தார்கள். முதல் வருஷத்து வண்டிகளைப் பற்றி வாங்கியவர்கள் குறை கூறியதும், அவற்றைக் கேட்டுச் சிறிது சிறிதாகத் திருத்தியதும் பலர் அறிந்த கதை. தானே யோசித்துச் செய்கிறவனுக்குத்தான் தவறும் சொந்தம், திருத்தமும் சொந்தம். பிறர் போட்ட படத்தைப் பார்த்துச் செய்கிறவனுக்கு இரண்டும் இல்லை.

சர்ச்சுவில் கூடாரத்தில் இராத் தங்கினோம். தலைவலியைத் தவிர அங்கே சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சர்ச்சுவை அடுத்து கட்டா வளைவுகள். ஒரே மலைச்சரிவில் 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் தண்ணீர் பாட்டில்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. அங்கே தாகத்தால் இறந்த ஒரு லாரிக் கிளீனரின் ஆவி தண்ணீர் கேட்கிறதென்று சொல்கிறார்கள். போகிறவர்கள் ஒரு பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நாமும் வைத்தோம். நம்பிக்கை வேறு விஷயம். முந்தின நாள் ஓடையில் கிடந்தவர்களுக்கு மரியாதை தானாக வந்துவிடுகிறது.

இந்த வளைவுகளில் அந்த இஞ்சினின் குணம் தெரிந்தது. சிலிண்டரின் குறுக்களவு 78 மில்லி மீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 86. அகலத்தைவிட நீளம் அதிகம். வேகப் பந்தய வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும். அகலம் அதிகம், நீளம் குறைவு. விறுவிறுவென்று சுழலும், ஆனால் மெதுவாகச் சுழலும்போது பலம் இராது. நீள ஓட்டமுள்ள இஞ்சின் ஏற்றத்தில் மூட்டையோடு ஏறும் கூலிக்காரரைப் போன்றது. அவசரப்படாது, அடி மேல் அடி வைக்கும், நிற்காது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஏறக்குறைய நின்றுவிடும் அளவுக்குத் தயங்கும். 'இதோ அணைந்துவிட்டது' என்று நாம் நினைப்போம். டுக், டுக், டுக் என்று அது மறுபடி ஏறும்.

பாங்கைத் தாண்டினால் மோரே சமவெளி. 4,700 மீட்டர் உயரத்தில் சுமார் 40 கிலோ மீட்டர் தூரம் மைதானம். தார்ச் சாலை நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது. இங்கே நமக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. வண்டியின் முன்புறம், வேகம் காட்டும் வட்டத்துக்கு அருகில் திசைகாட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். மணாலியிலிருந்து லே வரையில் சாலை ஒன்றே ஒன்று. அதில் தெற்கு எது, வடக்கு எது என்று தெரிந்து என்ன செய்வது? மருமானைக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பார்க்க நன்றாயிருக்கிறது, மாமா" என்றான். அதுவும் ஒரு நியாயந்தான்.

தங்லங் கணவாயில் 5,328 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். காற்றுப் பாதியானால் குதிரையும் ஏறக்குறையப் பாதி. திருவொற்றியூரில் இருபத்துநான்காக இருந்தவற்றில் பன்னிரண்டு வழியில் எங்கேயோ இறங்கிவிட்டன. மீதிப் பன்னிரண்டுதான் இரண்டு மனிதர்களையும் இரண்டு மூட்டைகளையும் உச்சிக்கு இழுத்துவந்து சேர்த்தன. உச்சியில் பிரார்த்தனைக் கொடிகள் படபடத்தன. அங்கே வண்டியைத் தட்டிக் கொடுத்தோம் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆனால் தட்டிக் கொடுத்தோம்.

அன்று மாலை உப்ஷியில் சிந்து நதியைக் கண்டோம். பாடப் புத்தகத்தில் படித்த நதி. நம் தேசத்துக்குப் பெயர் கொடுத்த நதி. வாற்கோதுமை வயல்களுக்கு நடுவே சாம்பல் நிறமாய், ஆரவாரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இறங்கி, பூட்ஸைக் கழற்றி, காலை நனைத்துக்கொண்டோம். இந்தத் தரம் நாமாக விரும்பி நனைத்துக்கொண்டதாகையால் குளிர் அவ்வளவு தெரியவில்லை.

லே நகரிலிருந்து தமக்கையாருக்கு டெலிபோன் செய்தோம். "குழந்தை சௌக்கியமா?" என்றார். சௌக்கியம் என்றோம். "வண்டி எங்காவது நின்றதா?" என்றார். நிற்கவில்லை என்றோம். அது உண்மை. வண்டி நிற்கவில்லை, படுத்துக்கொண்டது. வித்தியாசத்தை அவர் கேட்கவில்லை, நாமும் விளக்கவில்லை. இதை அவர் இந்தப் பத்திரிகையில் படித்துத்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்ளப் போகிறார்.

* * *

அடுத்த வருஷம், 2023 நவம்பரில், கோவாவில் நடந்த ஒரு விழாவில் புதிய ஹிமாலயன் வெளியாயிற்று. 452 சிசி, தண்ணீரால் குளிர்விக்கும் இஞ்சின், ஐந்துக்குப் பதில் ஆறு கியர், 17 லிட்டர் டாங்க், 40 குதிரைகள். இஞ்சினுக்கு 'ஷெர்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மருமான் ஓடி வந்து இந்த விவரங்களை ஒப்பித்தபோது நமக்கு உடனே சந்தோஷம் உண்டாகவில்லை. நீளம் அதிகமாயிருந்த சிலிண்டர் இப்போது 84 மில்லி மீட்டர் அகலமும் 81.5 மில்லி மீட்டர் ஓட்டமுமாக மாறிவிட்டது. நம் கூலிக்காரர் ஓட்டப் பந்தயக்காரராகிவிட்டாரோ என்று தோன்றிற்று. பழைய வண்டி சமவெளியின் பெருஞ்சாலைகளில் நூறு கிலோ மீட்டருக்கு மேல் திணறியது என்பதும், இரட்டை உபயோகத்தில் ஓர் உபயோகம் கொஞ்சம் நொண்டிற்று என்பதும் மெய்தான். ஸீட்டும் 825 மில்லி மீட்டராக உயர்ந்துவிட்டது. நம்முடைய குதிகால்கள் இனிமேல் பூமாதேவியிடம் சற்றுக் கெஞ்ச வேண்டும்.

"எடை?" என்று கேட்டோம்.

"நூற்றுத் தொண்ணூற்றாறு, மாமா. பழையதைவிட மூன்று கிலோ குறைவு."

பதினாறு குதிரைகளைக் கூடுதலாகக் கட்டிவிட்டு மூன்று கிலோவைக் குறைத்திருக்கிறார்கள்! இதைச் செய்தவர்களில் யாராவது ஓர் ஓடையில் விழுந்திருக்க வேண்டும் என்று நமக்குப் பட்டது.

விற்பனைச் சாலைக்குப் போனோம். பளபளவென்று நின்றது. விற்பனை செய்யும் இளைஞர் மிகுந்த மரியாதையோடு, இஞ்சினை ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். வேறென்ன பார்க்க விரும்புகிறீர்கள் என்றார். வண்டியை இடது புறமாகத் தரையில் படுக்க வைத்தால், நாம் ஒரு தரம் தூக்கிப் பார்க்க அநுமதி கிடைக்குமா என்று கேட்டோம்.

அவர் மருமானைப் பார்த்தார். மருமான் தன் இடது கணுக்காலைப் பார்த்துக்கொண்டான். மானேஜரைக் கேட்டு வருகிறேன் என்று சொல்லி உள்ளே போன இளைஞர் வெகு நேரம் வரையில் திரும்பி வரவில்லை.